பொதி சுமப்போரும் பொதி கட்டுவோரும்

கலைப்பீடம், மூன்றாம் வருடம்

ஒரு சமுதாயம் தன் காலத்துக் கருவிகளோடு எத்தகைய உறவு கொண்டுள்ளது என்பது அச்சமுதாயத்தின் அறிவுநிலையை அளக்கும் கோல்களுள் ஒன்றாகும். கருவியை வாங்கிப் பயன்படுத்துவது ஓர் உறவு. அதனை ஆக்கவும் பழுதுபார்க்கவும் பிறர்க்கு வழங்கவும் அறிந்திருப்பது பிறிதோர் உறவு. இன்று எமது பல்கலைக்கழகங்களிற் கணினியைத் தொடாது பட்டம் பெறும் மாணவரைக் காண்டல் அரிது. கலைப்பீடத்து ஆய்வுக்கட்டுரையும் கணினியிலேயே உருப்பெறுகின்றது. ஆயினும், அக்கணினிக்குள் இருக்கும் மென்பொருள் யாரால் ஆக்கப்பட்டது, எவ்வழியே வந்து சேர்ந்தது, அது பழுதுற்றால் திருத்துவார் யார் என்னும் வினாக்களை எம்முள் எத்தனை பேர் எழுப்பியுள்ளோம்? பிறர் கட்டித் தந்த பொதியைச் சுமப்பதோடு எமது கணினிக் கல்வி முற்றுப்பெற்றுவிடுகின்றது.

லினக்ஸ் சார்ந்த கட்டற்ற இயங்குதளங்களுக்கு மென்பொருட் பொதி கட்டும் தொழிலைத் தமிழ் மாணவர், சிறப்பாகக் கலைப்பீட மாணவர், கற்றாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். இதற்கு எதிராகக் கூறப்படும் நியாயங்கள் பல. அவற்றுட் சில சோம்பலின் மறுபெயர்கள். சில, ஆராய்ந்து விடையிறுக்கத் தக்கவை. இருவகையையும் ஈண்டு நோக்குவோம்.

பொதி என்பது யாது?

1983இல் ரிச்சர்ட் ஸ்ரோல்மன் குனு என்னும் கட்டற்ற இயங்குதள முயற்சியை அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லைனஸ் ரோர்வால்ட்ஸ், லினக்ஸ் எனப் பின்னர் பெயர்பெற்ற இயங்குதளக் கருப்பகுதியை வெளியிட்டார். இவ்விரண்டும், இவற்றைச் சூழ எழுந்த எண்ணற்ற மென்பொருள்களும், தனித்தனியே சிதறிக் கிடந்தவரை சாதாரண மனிதருக்குப் பயன்படவில்லை. அவற்றை ஒழுங்காகத் தொகுத்து வழங்கும் நோக்குடன் 1993 ஓகஸ்ற் மாதத்தில் டெபியன் என்னும் முயற்சியைத் தொடக்கினார் இயன் மேர்டொக். அவரும் அப்போது அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்து மாணவரே. லினக்சின் கருவை எழுதியவரும் அதனைச் சுற்றிப் பொதிகளை ஒழுங்குபடுத்த முனைந்தவரும் மாணவராயிருந்தோர் என்பதனை வாசகர் மனங்கொள்ளுதல் வேண்டும்.

ஒரு மென்பொருளின் ஆசிரியர் எமக்குத் தருவது மூலநிரல். அதற்கும் பயனாளரின் கணினிக்கும் இடையே நீண்ட தூரம் உண்டு. அந்நிரலை இயந்திரம் இயக்கக்கூடிய வடிவிற்குத் தொகுக்க வேண்டும். எந்தக் கோப்பு எந்த இடத்தில் அமர வேண்டும், முன்னதாக வேறு எம்மென்பொருள்கள் இருத்தல் வேண்டும், எதனோடு இது முரண்படும், புதிய பதிப்பு வரும்போது பழையது எவ்வாறு விலக வேண்டும், வேண்டாமெனின் எச்சமின்றி எவ்வாறு நீக்குவது என்பன யாவும் தீர்மானிக்கப்பட வேண்டும். இத்தீர்மானங்கள் அனைத்தையும் மென்பொருளோடு சேர்த்து ஒன்றாய்க் கட்டி வைத்ததே பொதி. டெபியன் பொதி ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று உறுப்புக்களே காணப்படும்: பொதி வடிவத்தின் பதிப்பெண், பொதியைப் பற்றிய தகவல்கள், நிறுவப்பட வேண்டிய கோப்புகள். ரெட் ஹட் மரபில் வந்த ஆர்.பி.எம். பொதிகளும் வேறொரு வடிவில் இதே பணியைச் செய்வனவே.

இத்தகைய பொதியைக் கட்டுவதற்கு மூலநிரலோடு ஒரு சிறு கோப்புறையைச் சேர்க்கின்றோம். அதனுள் முதன்மையானவை நான்கு கோப்புகள். முதலாவதில் பொதியின் பெயர், அதன் பயன் பற்றிய விவரணம், கட்டுவதற்கும் இயக்குவதற்கும் தேவையான பிற பொதிகள் ஆகியன எழுதப்படும். இரண்டாவது, ஒவ்வொரு பதிப்பிலும் யார், எப்போது, என்ன மாற்றம், எக்காரணத்தால் செய்தார் என்னும் வரலாறு. மூன்றாவதில் எந்தக் கோப்பு எவருடைய ஆக்கம், எவ்வுரிமத்தின்கீழ் வழங்கப்படுகின்றது என்பன பதியப்படும். நான்காவது, கட்டும் முறையைக் கூறுவது. உதவிக் கருவிகளின் பயனாய் இன்று எளிய பொதி ஒன்றுக்கு இது மூன்றே வரிகளில் முடிந்துவிடுவதுண்டு.

“அது விஞ்ஞானபீடத்தார் வேலை”

முதலாவது எதிர்வாதம் எமது பீடத்துள்ளேயே பிறப்பது. கணினி விஞ்ஞானபீடத்தாருக்கும் பொறியியற்பீடத்தாருக்கும் உரியது, இலக்கியமும் வரலாறும் பயில்வோருக்கு அதில் என்ன அலுவல் என்பர். மேற்கூறிய நான்கு கோப்புகளையும் மீண்டும் நோக்குக. விவரணம் எழுதுதல் உரைநடைப் பயிற்சி. மாற்ற வரலாறு எழுதுதல் ஆவணப்படுத்தல். உரிமங்களை வாசித்து எது எதனோடு பொருந்தும் என ஆராய்தல் பிரதிகளை நுணுகிக் கற்றல். நான்காவது ஒன்றே நிரலாக்கத்தோடு நேரடித் தொடர்புடையது. நிரலை எழுதுபவர் ஆசிரியர் எனின் பொதியைக் கட்டுபவர் பதிப்பாசிரியர் ஆவார்.

பதிப்பாசிரியர் என்னும் சொல்லை ஈண்டு அணிக்காக வழங்கவில்லை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியபோது அந்நூல்களை அவர் இயற்றவில்லை. ஏடுகளைத் தேடினார், ஒப்புநோக்கினார், வாசிப்போர் கைக்கு எட்டும் வடிவில் வெளியிட்டார். பொதியாளரின் தொழிலும் இத்தகையதே. டெபியன் மூலப்பொதிகளிற் பெரும்பாலானவற்றில் ஆசிரியர் வெளியிட்ட பிரதி வேறாகப் பேணப்படுகின்றது; பொதியாளர் செய்யும் திருத்தங்கள் தனித்தனி ஒட்டுக்கோப்புகளாக, காரணக் குறிப்புடன் வேறாக வைக்கப்படுகின்றன. மூலபாடத்தையும் திருத்தத்தையும் கலவாது காட்டுக என எமது வகுப்புகளிலே வற்புறுத்தப்படுவதும் இதுவேயன்றோ? தமிழ்ச் சிறப்புக்கலை மாணவருக்கு இத்தொழில் அந்நியமானதென்று கூறுவோர், இத்தொழிலையும் அறியாதவர். தமது துறையையும் முழுமையாக அறியாதவர்.

பதிப்பாசிரியர் தவறினால் விளையுங் கேட்டுக்கும் உதாரணம் உண்டு. இணையத் தொடர்புகளை மறைகுறியாக்கும் ஓப்பின் எஸ்.எஸ்.எல். என்னும் மென்பொருளின் டெபியன் பொதியில், 2006இல், பிழைகாண் கருவியொன்று எச்சரித்ததை நீக்கும் பொருட்டுச் சில வரிகள் விலக்கப்பட்டன. விலக்கியது ஏறத்தாழ ஒரு சொற்றொடர் அளவே. ஆயின் இரகசியத் திறவுகோல்களை ஊகிக்க முடியாதனவாக்கிய பகுதியும் அதனோடு போயிற்று. எண்ணிறந்தனவாக இருக்க வேண்டிய திறவுகோல்கள், ஒவ்வொரு வகையிலும் 32,768 என்னும் எல்லைக்குள் அடங்கிவிட்டன. 2008 மே மாதத்தில் இக்குறை வெளிப்படும்வரை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அதனை ஒருவரும் உணரவில்லை. பொருள் விளங்காத பாடத்தைப் பிழையெனக் கருதித் திருத்துதல் எத்துணை ஆபத்தானது என்பதற்கு ஏட்டுப் பதிப்பு வரலாற்றிலே தேடவேண்டிய பாடம் கணினி வரலாற்றிலும் கிடைக்கின்றது. ஐயத்துடன் வாசிக்கப் பழகியோர் இத்தொழிலுக்கு வேண்டும் என்பதே இதனாற் பெறப்படுவது.

“ஆயத்தமாகக் கிடைப்பதை நாம் ஏன் கட்ட வேண்டும்?”

இரண்டாவது எதிர்வாதம் நடைமுறைவாதம் போலத் தோன்றுவது. 2023 யூன் மாதத்தில் வெளியான டெபியன் 12இல் மாத்திரம் 64,000க்கு மேற்பட்ட பொதிகள் உள. உலகெங்குமுள்ள தொண்டர்கள் கட்டுகின்றனர். நாம் இறக்கிப் பயன்படுத்துவோம் என்பது இவர்தம் நிலைப்பாடு. மொழி இடையிடாத மென்பொருளுக்கு இது ஒருவாறு பொருந்தலாம். தமிழ் சார்ந்த மென்பொருளுக்குப் பொருந்தாது.

‘கொ’ என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். யுனிக்கோட் முறையில் இது ககரமும் அதன்பின் ஒகர உயிர்க்குறியுமாகச் சேமிக்கப்படுகின்றது. திரையிலோ அக்குறியின் ஒரு பாதி ககரத்துக்கு முன்னும் மறுபாதி பின்னும் தோன்ற வேண்டும். எழுத்துருவிலோ எழுத்துக்கோக்கும் நிரலிலோ குறை நேர்ந்தால் கொம்பு தனித்து நிற்கும்; அல்லது புள்ளிவட்டமொன்று முளைக்கும். பொதிகளைச் சோதிக்கும் லின்ரியன் என்னும் கருவி கோப்புகள் உரிய இடத்தில் உள்ளனவா, உரிமம் பதியப்பட்டுள்ளதா என்றெல்லாம் பார்க்கும். கொம்பு பிரிந்து நிற்பதை அது அறியாது. தமிழ் அறியாத வெளிநாட்டுத் தொண்டர், எவ்வளவு நல்லெண்ணம் உடையவராயினும், அதனைப் பிழையென்று கண்டுகொள்வது அரிது. தமிழ் வாசிக்கும் கண் ஒன்று பொதியருகே இருத்தல் வேண்டும். அக்கண் எம்முடையதன்றி வேறு யாருடையது?

இலங்கையில் நாம் பட்ட அனுபவம் இதனை மேலும் வலியுறுத்தும். பல்லாண்டு காலமாக எம்மிடையே வழங்கிய பாமினி முதலிய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துக்களுக்குரிய இடங்களிலே தமிழ் வடிவங்கள் அமர்த்தப்பட்டிருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் கிடைப்பது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே. இவ்வாறு தட்டச்சான மலர்களும் கட்டுரைகளும் எத்தனை! அவற்றை யுனிக்கோட்டுக்கு மாற்றும் நிரல்களும் எழுதப்படாமலில்லை. ஆயின், தனியொருவரின் இணையத்தளத்தில் வைக்கப்பட்ட நிரல், அவர் அத்தளத்துக்குப் பணம் செலுத்தாதுவிட்ட நாளில் மறைந்துபோகின்றது. பொதியாகிக் களஞ்சியத்தில் ஏறிய மென்பொருள் பல நாடுகளின் சேவையகங்களிற் பிரதியாகின்றது; டெபியனை அடிப்படையாகக் கொண்டு 2004இல் எழுந்த உபுண்டு முதலியவற்றுக்கும் அது செல்ல வழியுண்டு; பொறுப்பாளர் விலகினால் அநாதைப் பொதிகளின் பட்டியலில் இடப்பட்டுப் புதிய பொறுப்பாளரை எதிர்நோக்குகின்றது. தனிமனித ஆர்வத்தைப் பொது உடைமையாக மாற்றும் வழி இது.

“காலம் மாறிவிட்டது”

மூன்றாவது எதிர்வாதமே கனதியானது. ஸ்னாப், ஃபிளாற்பாக் முதலிய புதிய முறைகள் வந்துவிட்டன. மென்பொருளுக்குத் தேவையானவற்றுட் பெரும்பகுதியை அதனோடு சேர்த்தே அடைத்து வழங்கலாம். பழைய பொதியாக்க முறை தேவையற்றது என்பர் சிலர். இயந்திரமே இன்று நிரலும் எழுதித் தருகின்றது. நான்கு கோப்புகளை எழுதித் தராதா என்பர் வேறு சிலர். இவ்வாதங்களிலே உண்மை இல்லாமலில்லை. ஆசிரியர் ஒருவர் தமது மென்பொருளை விரைந்து பரப்ப அடைப்புமுறை உதவுகின்றது. ஆனால் நூறு அடைப்புகளுள் ஒரே நிரலகத்தின் நூறு பிரதிகள் புகுந்துகொண்டால், அந்நிரலகத்திற் குறை காணப்படும் நாளில் நூறு பேரும் தனித்தனியே திருத்தவேண்டி நேரும். பொதுக் களஞ்சிய முறையிலோ பெரும்பாலும் ஒரு பொதியைத் திருத்தினால் அதனைச் சார்ந்தவை யாவும் பயன்பெறும். அன்றியும், அடைப்பையும் யாரோ ஒருவர் கட்டத்தானே வேண்டும்? முறை மாறலாம், சார்பு, உரிமம், மூலம், பதிப்பு என்னும் கேள்விகள் மாறா.

நம்பிக்கை என்பதே இங்கு அடிப்படைப் பிரச்சினை. கென் தொம்சன் 1984இல் வெளியான தமது உரையில், நிரலைத் தொகுக்கும் கருவியே வஞ்சகமாயின் மூலநிரலை எவ்வளவு வாசித்தும் பயனில்லை என்று நிறுவிக் காட்டினார். நாற்பது ஆண்டுகளின் பின் இவ்வச்சம் வேறொரு வடிவில் மெய்யாயிற்று. 2024இல் எக்ஸ்.இஸட். என்னும் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் நச்சு நிரல் புகுத்தப்பட்டிருந்தது. புகுத்தியவர், களைத்துப்போயிருந்த ஒரேயொரு பராமரிப்பாளருக்கு உதவுபவராய் இரண்டாண்டுக்கு மேலாகப் பழகி நம்பிக்கை பெற்றவர். நச்சுக்குரிய தரவு சோதனைக் கோப்புகளுக்குள் மறைந்திருந்தது. அதனைத் தூண்டும் பகுதியோ பொதுவில் எல்லோரும் பார்க்கும் மூலநிரலில் இல்லாது, வெளியீட்டுக் கோப்பில் மாத்திரம் இருந்தது. டெபியன் பொதியாகவோ ஆர்.பி.எம். பொதியாகவோ கட்டப்படும் வேளையிலேயே அது விழித்தெழுமாறு அமைக்கப்பட்டிருந்தது. அன்ட்ரெஸ் ஃபுறொயின்ட் என்னும் நிரலாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது அரைச்செக்கன் அளவு தாமதம் ஏற்படுவதை ஐயுற்று ஆராய்ந்து, 2024 மார்ச் 29இல் இதனை அம்பலப்படுத்தினார். டெபியனின் நிலைத்த பதிப்பை அந்நச்சு எட்டவில்லை.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் பெறவேண்டிய முடிபு யாது? பொதியைக் கட்டும் இடமே காவற்கடவை என்பதனை எதிரி நன்கறிந்துள்ளான்; நாமோ அதனைச் சில்லறை வேலையென்று எண்ணியிருக்கின்றோம். 2013 முதல் டெபியனில் வளர்ந்துவரும் மீளக்கட்டல் முயற்சி இவ்வாபத்துக்களின் ஒரு பகுதிக்கு விடை காண முயல்வது: ஒரே மூலத்தை எவர் எங்கு கட்டினும் இறுதியிற் கிடைக்கும் கோப்பு ஒவ்வோரிலக்கத்திலும் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்பது அதன் கோட்பாடு. வெளியீட்டுக் கோப்பே கெட்டிருப்பின் இதுவும் போதாது. அதனை மூலத்தோடு ஒப்புநோக்கும் மனிதர் வேண்டும். இயந்திரம் கோப்புகளை எழுதித் தரலாம். ஆனால் பொதியின்மேல் இடப்படும் ஒப்பம் ஒரு மனிதரின் திறவுகோலால் இடப்படுவது. ‘இதனை நான் பார்த்தேன், இதற்கு நான் பொறுப்பு’ என்று சொல்ல ஒருவர் வேண்டும். சொல்வதற்கு முன் அவர் கற்றிருக்க வேண்டும்.

எமது தரப்பாரை நோக்கி

எதிர்த்தரப்பாரைச் சாடுதல் எளிது. கட்டற்ற மென்பொருளை ஆதரிப்போராகிய எம்மிடமும் குறைகள் உள. கருத்தரங்கு கூட்டுகின்றோம், சுதந்திரம் பற்றி முழங்குகின்றோம், கலைச்சொற்களுக்காக நாட்கணக்கில் வாதிடுகின்றோம். கலைச்சொல்லாக்கம் வேண்டாமென்பது எமது கருத்தன்று. ஆயின், மொழிபெயர்த்த கோப்பு பொதியினுள் ஏறி ஒரு பாடசாலை மாணவியின் திரையிலே தோன்றாதவரை அது பயிற்சிக் கொப்பியிலுள்ள எழுத்தாகவே இருக்கும். ‘இலவசம்’ என்று மாத்திரம் எழுதி எழுத்துருவை வெளியிடுவோரும் எம்மிடையே உளர். மாற்றவும் பகிரவும் அனுமதிக்கும் உரிமம் இன்றேல், 1997இல் வகுக்கப்பட்ட டெபியன் நெறிமுறைகளின்படி அது முதன்மைக் களஞ்சியத்தில் இடம்பெறாது. ஆங்கிலேயருக்கு ‘விலையின்மை’யையும் ‘விடுதலை’யையும் ஒரே சொல்லாற் குறிக்கவேண்டிய இடர்ப்பாடு உண்டு. இலவசம், கட்டற்றது என இரு சொற்களை வைத்துக்கொண்டும் நாம் தடுமாறுவதற்கு என்ன நியாயம் கூறலாம்?

2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென இந்நாடு அறிவித்ததை நாம் மறந்துவிடலாகாது. டொலரிற் சந்தா செலுத்திப் பெறும் மென்பொருளிலும், களவாகப் பிரதிசெய்த மென்பொருளிலும் மாறிமாறித் தங்கியிருக்கும் கல்வி சுதந்திரமான கல்வியாகாது. ஆக்கும் ஆற்றல் இம்மண்ணில் இல்லையென்று கூறுதலும் பொய். 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையின் பின் காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவுசெய்ய இந்நாட்டுக் கணினியியலாளர் தொண்டர்களாகக் கூடி ஆக்கிய சஹானா என்னும் கட்டற்ற மென்பொருள் பின்னர் பிறநாட்டு அனர்த்தங்களிலும் பயன்பட்டது. பேரிடர் வந்தபோது இயன்றது அமைதிக் காலத்தில் இயலாதா?

செய்யத்தக்கன

வாதத்தோடு நின்றுவிடுதல் தகாது. தொடக்குவதற்குரிய வழி பின்வருமாறு அமையலாம்.

(அ) முதலிற் புதிய பொதி கட்ட முயல வேண்டாம். களஞ்சியத்திலுள்ள சிறிய பொதியொன்றின் மூலத்தை இறக்கி, எதனையும் மாற்றாது மீண்டும் கட்டுக. நான்கு கோப்புகளையும் வரிக்குவரி வாசிக்க.

(ஆ) அடுத்து, தெளிவான உரிமமுடைய தமிழ் எழுத்துரு ஒன்றைப் பொதியாக்குக. ஆயத்த எழுத்துருக் கோப்பாயின் இயந்திர மொழிக்குத் தொகுக்கும் வேலை இல்லை. எல்லாவகைக் கணினிக்கும் ஒரே பொதி போதும். கட்டியதைத் தூய சூழலில் மீண்டும் கட்டிப் பார்க்க. உமது கணினியிலே தற்செயலாக இருந்த பொருளால் அது வெற்றிபெற்றதா என்பது அப்போது தெரியவரும்.

(இ) முன்னரே உள்ள தமிழ்ப் பொதிகளிற் குறை கண்டால், குறை, அது தோன்றும் சூழல், எதிர்பார்த்த விளைவு என்பவற்றைத் தெளிவாக எழுதி அறிவிக்க. இது தமிழறிவே முதன்மையாக வேண்டப்படும் பணி.

(ஈ) டெபியனுட் புதியவர் தாமே பதிவேற்ற முடியாது. அனுபவமுள்ள ஒருவர் பரிசோதித்துப் பொறுப்பேற்றுப் பதிவேற்றுவார். அவரது கண்டனம் கடுமையாயிருப்பின் அஞ்சற்க. ஆய்வுக்கட்டுரைக்கு மேற்பார்வையாளர் இடும் சிவப்பு மையைவிட அது கொடிதன்று.

(உ) கற்றதைத் தமிழில் எழுதுக. வழிகாட்டிகள் ஆங்கிலத்தில் இருப்பதாற் பின்வாங்கும் மாணவருக்கு எமது குறிப்பே முதற்படியாகும்.

இத்தொழிலுக்குக் கூலி பெரும்பாலும் இல்லை, புகழும் குறைவு. எக்ஸ்.இஸட். பராமரிப்பாளரின் களைப்பே கள்வனுக்கு வாயிலைத் திறந்துவிட்டது என்பதனையும் கண்டோம். ஒருவர் சுமக்கும் பாரத்தைப் பத்துப்பேர் பகிர்ந்தாலன்றி அவ்வாயில் அடைபடாது. ஆகவே இது தனிமனித ஆற்றலைக் காட்டும் களமன்று. குழுவாகச் செய்ய வேண்டிய பணி. எமது தமிழ்ச் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் பட்டிமன்றத்துக்கும் கவியரங்குக்கும் ஒதுக்கும் மாலைப்பொழுதுகளில் மாதம் ஒன்றையேனும் இதற்கென ஒதுக்கட்டும். பீடவேறுபாடின்றி ஐவர் கூடட்டும். வருட இறுதியில் ஒரு பொதியாவது உலகக் களஞ்சியத்தில் ஏறட்டும். தமிழ் வாழ்க என்று மேடையிற் கூறுவதற்கு எவரும் கணக்குக் கேட்பதில்லை. பொதியின் வரலாற்றுக் கோப்பிலோ செய்தவர் பெயரும் செய்த நாளும் செய்த வேலையும் எழுதப்பட்டிருக்கும். அக்கணக்கில் எமது பங்கு யாது என்பதே இன்றைய மாணவ சமுதாயத்தின் முன்னுள்ள கேள்வியாகும்.